யாழ்ப்பாணத்தில் இறந்த பட்டாளத்துக்காரருக்கு ஊரில் கல் வைக்கிறோம்: அதில் என்னென்ன எழுதலாம்?

ரப்பர்காட்டு_ஓரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக் என்ற ரேங்கில் இருந்தவர். இந்திய அமைதி காக்கும் படையோடு போய் 1987 கடைசியில் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். உடல் வரவில்லை. முதலில் தந்தி வந்தது. அப்புறம் கொஞ்ச காலம் கழித்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. அவ்வளவுதான்.

இப்போது ஊர்ப் பையன்கள் சேர்ந்து அவருக்கு ஒரு கல் வைக்கலாம் என்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் என்ன எழுதுவது என்று உட்கார்ந்தபோதுதான் அவரைப் பற்றி ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று புரிந்தது. லீவுக்கு வந்தால் ரம் கொடுப்பார், வாலிபால் நன்றாக ஆடுவார். இதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை.

மூன்று இடத்தில் முட்டி நிற்கிறோம். தந்தியில் இறந்த தேதி ஒன்று. பென்ஷன் உத்தரவில் அதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி. எதைப் போடுவது? எந்தச் சண்டையில், எப்படி இறந்தார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. யாரைக் கேட்பது? மூன்றாவதுதான் பெரிய தலைவலி. ஊரில் பாதிப் பேர், "யாழ்ப்பாணம்னு போடாதே, தாய்நாட்டுக்காக உயிர்நீத்தார்னு போட்டா போதும்" என்கிறார்கள். இடத்தைப் போட்டால் நாளைக்கு எவனாவது வந்து கரி பூசுவான் என்று ஒரு பெரியவர் நேராகவே சொல்லிவிட்டார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ஓய்வு_சுபேதார்

தம்பி, நானும் அந்த நேரத்தில் அங்கே இருந்தவன். வேறு பட்டாலியன். உங்கள் பெரியப்பாவை எனக்குத் தெரியாது. ஆனால் காகிதம் எப்படி நகரும் என்று தெரியும், அதை முதலில் சொல்கிறேன்.

ஒருவர் விழுந்தால் களத்திலிருந்து வயர்லெஸ்ஸில் சிக்னல் போகும். அந்தக் குழப்பத்தில் சிக்னல் போன தேதியோ, உடலை மீட்ட தேதியோ தந்தியில் ஏறிவிடுவது உண்டு. அதன் பிறகு யூனிட் முறையாக பார்ட் டூ ஆர்டர், அதாவது ஆளைப் பற்றிய விவரங்களைப் பதிவு செய்யும் உத்தரவு, போடும். அதுதான் கணக்கு. பென்ஷன் உத்தரவு அலகாபாத்திலிருந்து வருவது அந்த ஆர்டரை வைத்துத்தான். ஆகவே பென்ஷன் உத்தரவில் இருக்கும் தேதியைப் போடுங்கள். ஆனால் கல்லில் வெட்டும் முன் ஒருமுறை ரெக்கார்ட்ஸில் கேட்டுவிடுவது நல்லது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. ஆர்மி நம்பர் இல்லாமல் எழுதினால் பதில் வராது.

நம்பர் எங்கே என்று தேட வேண்டாம். பெட்டியில் பதக்கம் இருக்கிறதா? பதக்கத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். சர்வீஸ் பதக்கங்களில் நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் விளிம்பில் சின்ன எழுத்தில் பொறித்திருப்பார்கள். தூசியும் களிம்பும் ஏறியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும்.

மார்த்தாண்டம்_தேன்

இடத்தைப் போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. காரணம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு நம்ம ஊர்களில் நடந்தது நினைவில்லையா? கடையடைப்பு, ஊர்வலம், உண்டியல். எங்கள் தெருவில் அரிசி தண்டப் போனவர்களோடு சின்னப் பையனாக நானும் சாக்குப் பிடித்துக்கொண்டு போனேன். அதே தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளை 1987இல் அங்கே போய்ச் சண்டை போட்டான். அவன் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் அதைக் கல்லில் எழுதி நாற்சந்தியில் வைத்தால், போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு கருத்துச் சொல்வான். அந்த வீட்டுக்கு அது தேவையா?

1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலில் சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சராக இருந்த கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அரசாங்கமே தள்ளி நின்ற விஷயம் இது. ஊர்க்காரர்கள் மட்டும் எப்படிச் சமாளிப்பார்கள்?

ஓய்வு_சுபேதார்

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பம்பாயில் பிறந்த தமிழர். சென்னையில் பயிற்சி முடித்து 1972இல் அதிகாரியானவர். இலங்கையில் 8 மஹார் பட்டாலியனில் இருந்தார். 1987 நவம்பர் 25ஆம் தேதி, யாழ்ப்பாணத்தில் கந்தரோடைப் பக்கம் தேடுதலை முடித்துவிட்டுத் திரும்பும்போது விடுதலைப் புலிகள் பதுங்கியிருந்து அடித்தார்கள். இவர் பின்பக்கமாகச் சுற்றிப்போய் அவர்கள் மேல் பாய்ந்தார். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டுவிட்டுத்தான் விழுந்தார். போர்க்கால வீரத்துக்கான மிக உயரிய விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தப் படையில் போன அத்தனை பேரிலும் அந்த விருது அவர் ஒருவருக்குத்தான்.

காஷ்மீரில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனை, 'அமரன்' படம் வந்த பிறகு, எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். தெரிய வேண்டியதுதான். கார்கிலில் பட்டாலிக்கில் விழுந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பரமேஸ்வரனைக் கேட்டால் முழிக்கிறார்கள். மேஜருக்கே இந்த நிலை என்றால் நாயக்கை யார் நினைப்பார்கள்? இடத்தையும் எடுத்துவிட்டால் அந்தக் கல் யாருக்கு வைத்தது என்றே தெரியாது.

வேணாட்டு_வாத்தியார்

இதையும் கல்லில் சேர்க்க முடியுமா பாருங்கள். குமரி மாவட்டத்துக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இப்போதும் இருக்கிறது. அந்தத் திருவிதாங்கூர்ப் படைதான் சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தில் சேர்ந்து 9 மெட்ராஸ், 16 மெட்ராஸ் என்று ஆனது. குளச்சல் வெற்றித்தூணுக்கு ரெஜிமெண்ட் இன்றும் மரியாதை செய்கிறது. 1956 வரை நாம் திருவிதாங்கூர்தானே. ஆகவே அந்த நாயக்...

நெறியாளர்

வாத்தியார் ஐயா, குளச்சல் போருக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே 1741 ஆடியா ஆவணியா என்று நாலு பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே கல்லுக்குத் திரும்புவோம்.

வேணாட்டு_வாத்தியார்

சரி சரி. விட்டுவிட்டேன்.

பனைநிழல்

நான் இந்த மாவட்டத்தில் இலங்கை அகதி முகாமில் வளர்ந்தவன். இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1987 ஜூலை கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து இந்திய ஆமி இறங்கினபோது அம்மா மாலை போட்டவவாம். சனங்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்ததாம். அக்டோபரில் எல்லாம் மாறிட்டுது. அக்டோபர் 21, தீபாவளி அன்றைக்கு, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளே புகுந்து நோயாளிகளையும் டொக்டர்மாரையும் நேர்ஸ்மாரையும் சுட்டது இந்திய ஆமிதான். அதில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் போனார். இதை இங்கே யாரும் ஒரு வரியில் தாண்டிப் போவதை நான் ஏற்க மாட்டேன்.

அதே நேரம் அம்மா இன்னொன்றும் சொல்லுவா. செக் பாயிண்டில் தமிழ் தெரிந்த ஆமிக்காரன் நின்றால் சனத்துக்கு மூச்சு வரும். இந்திக்காரன் கத்துவதை அவன் திருப்பிச் சொல்லுவான், "பையை இறக்கி வையுங்கோ, ஒண்டுமில்லை, போங்கோ" என்று. அவன் கேட்ட தமிழை அவனே பழகிக்கொண்டு அப்படிப் பேசுவானாம். அவன் எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது.

ரப்பர்காட்டு அண்ணாவுக்கு: யாழ்ப்பாணம் என்று போடுங்கோ. போடாமல் விட்டால் அங்கே ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும், உங்களுக்கும் எங்களுக்கும். திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன். அதையும் நீங்கள் தப்பாக எடுக்கக் கூடாது.

மார்த்தாண்டம்_தேன்

பனைநிழல், நீங்கள் சொன்னதைத்தான் நான் பயந்தேன். கல்லைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று ஞாபகம் வரும்.

பனைநிழல்

வரட்டுமே அண்ணா. ஞாபகம் வந்தால் என்ன?

ஓய்வு_சுபேதார்

பனைநிழல் தம்பி எழுதியதைப் படித்தேன். ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப் போவதில்லை.

"எப்படி இறந்தார்" என்ற கேள்விக்கு அன்றைய நிலவரத்தைச் சொல்கிறேன், கல்லில் போட அல்ல, வீட்டார் தெரிந்துகொள்ள. நாங்கள் புலிகளிடம் ஆயுதத்தை வாங்கி வைக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சண்டைக்குத் தயாராகப் போகவில்லை. அக்டோபர் 10ஆம் தேதிவாக்கில் புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது. எங்கள் கையில் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை இழுக்க வேண்டும். எதிரே ஏ.கே. 47. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் இரண்டு பக்கமும் பனையோலை வேலி அடைத்தவை, வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தார்ச்சாலையில் மதகுக்கு அடியில் கண்ணிவெடி இருக்கும் என்று வயல் வழியாக நடப்போம். மழைக்காலம் வேறு. பலர் ஆளைக் கண்ணால் பார்க்காமலே செத்தார்கள். 1990க்குள் மொத்தம் 1,100க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

உடல் வராததைப் பற்றி வீட்டில் இன்னும் குறை இருக்கும். அந்தக் காலத்தில் விழுந்தவரை ஊருக்கு அனுப்பும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. களத்திலேயே காரியத்தை முடித்துவிடுவோம். பெட்டியில் கொடி போர்த்தி ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோவது கார்கிலிலிருந்து, 1999க்குப் பிறகு, வழக்கமானது. உங்கள் பெரியப்பாவை மட்டும் யாரும் விட்டுவிடவில்லை என்று பெரியம்மையிடம் சொல்லுங்கள்.

ரப்பர்காட்டு_ஓரம்

எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் வர முடியவில்லை. மழை விட்டதும் ரப்பர் பால்வெட்டு தொடங்கிவிட்டது.

பெட்டியைத் திறந்தோம். மேலே ஒரு கம்பளி, அதில் பூச்சி அரித்த ஓட்டைகள். அடியில் பச்சைத் தொப்பி, அதன் கறுப்புக் குஞ்சம் மட்டும் புதுசு போல இருக்கிறது. சவரப் பெட்டி. பாலிதீன் உறையில் பதக்கம். சுபேதார் அண்ணாச்சி சொன்ன மாதிரி விளிம்பைத் துடைத்துப் பார்த்தோம், நம்பர் கிடைத்துவிட்டது! முதல் இரண்டு இலக்கம் மங்கல், ஆனால் பென்ஷன் உத்தரவோடு ஒத்துப்போகிறது. வெலிங்டனுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பியாயிற்று. நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் போய்க் கேட்டோம். டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் பெயர்கள் வெட்டியிருக்கிறார்களே, 2019இல் திறந்தது, அதில் இவர் பெயரும் இருக்கும், தேடிப் பாருங்கள் என்று அங்கிருந்தவர் சொன்னார். தேடினோம். இருக்கிறது. பெரியம்மைக்கு அந்தப் பக்கத்தை போனில் காட்டினோம். "எழுத்து சின்னதா இருக்கு" என்றார்.

பெட்டியில் கடிதங்களும் இருந்தன. அவர் எழுதியவை இல்லை, வீட்டிலிருந்து அவருக்குப் போனவை. எல்லாவற்றிலும் மேல்விலாசம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம்தான், ஊர் பெயர் கிடையாது. அவர் எழுதியவற்றைப் பெரியம்மை வைத்திருக்கிறார். கடைசிக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். எங்கே இருக்கிறேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஆனால், "இங்கே பனை நம்ம தேங்காப்பட்டணம் பக்கம் மாதிரி நிறைய நிக்கிது. கடையில் சாமான் வாங்க இந்தி வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துத்தான் வீட்டில் புரிந்துகொண்டார்களாம். தாத்தா அன்றைக்கே ரேடியோவை இலங்கைக்குத் திருப்பி வைத்துவிட்டார் என்று பெரியம்மை சொன்னார்.

தோவாளைப்பூ

இந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து வையுங்கள் அண்ணே. இன்லேண்ட் லெட்டர் மடிப்பில் கிழிந்துவிடும். லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பஞ்சாயத்து_வட்டாரம்

நடைமுறை விஷயம் ஒன்று. கல்லை எங்கே வைக்கிறீர்கள்? ரோட்டோரம் என்றால் மறந்துவிடுங்கள். பொதுச் சாலையில் சிலை, கட்டுமானம் எதற்கும் அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புறம்போக்கு என்றால் கலெக்டர் ஆபீஸ் வரை போகும். பள்ளிக்கூட வளாகம் என்றால் அந்தத் துறை அனுமதி. சொந்தப் பட்டா நிலமாக இருந்தால் பாதித் தலைவலி குறைவு.

இன்னொன்று. திறப்பாளர் பெயர், தலைமை, முன்னிலை என்று கல்லில் வரிசையாகப் போடச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கல்லில் முன்னிலை வகித்தவர்கள் பெயர் பதினாறு, இறந்தவர் பெயர் அதற்கு அடியில். படிக்கும்போது முன்னிலை வகித்தவர்கள்தான் போரில் செத்தவர்கள் போல இருக்கும்.

ரப்பர்காட்டு_ஓரம்

😄 அந்தப் பேச்சு இங்கேயும் தொடங்கிவிட்டது. பின்பக்கத்தில் போடுகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இடம் முடிவாகிவிட்டது. எங்கள் வாலிபால் மைதானம் எங்கள் குடும்பப் பட்டாதான். அது மைதானமானதே பெரியப்பாவால்தான். முன்பு அது சரிவாக, நடுவில் ஒரு பாறையோடு கிடந்த விளை. ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது பையன்களைச் சேர்த்து மண் வெட்டிச் சமப்படுத்துவாராம். காலையில் விசில் ஊதுவாராம், வராதவன் வீட்டு வாசலில் போய் நின்று ஊதுவாராம். பாறையை உடைக்க மட்டும் ஆள் வைத்தார்கள், அந்தக் கூலி அவர் சம்பளத்தில். பெரியம்மைக்கு அப்போதே அதில் கோபம். "எனக்கு வளையல் எடுக்க வச்சிருந்த ரூபா" என்று இப்போதும் சொல்கிறார்.

கல்லில் என்ன எழுதலாம் என்று பெரியம்மையைக் கேட்டேன். யாழ்ப்பாணம் பற்றி அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. "அவரு செத்த இடத்தை மறைச்சா அவரு என்ன களவுக்கா போனாரு?" என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மைதானம் வெட்டியதை எழுத வேண்டும், அதை முதலில் எழுத வேண்டும்.

மயிலாடியில் கல்லுக்குச் சொல்லியாயிற்று. வாசகம் இப்படி வைத்திருக்கிறோம்: "இந்த மைதானத்தை வெட்டித் தந்தவர்" என்று முதல் வரி. அடுத்து ஆர்மி நம்பர், நாயக், பெயர், மெட்ராஸ் ரெஜிமெண்ட். அடுத்து பிறந்த ஆண்டு. கடைசி வரி: "இந்திய அமைதி காக்கும் படையில் பணியாற்றி யாழ்ப்பாணத்தில் இறந்தார்", தேதியோடு. வெலிங்டனிலிருந்து பதில் வந்த பிறகுதான் தேதியை வெட்டுவார்கள்.

மார்த்தாண்டம்_தேன்

"உயிர்நீத்தார்", "வீரமரணம்" ஒன்றும் இல்லையா? கொஞ்சம் வெறுமையாக இருக்கிறதே.

பனைநிழல்

எனக்கு இது சரியாகப் படுகிறது.

மார்த்தாண்டம்_தேன்

நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பெரியம்மை சொன்ன பிறகு நான் யார். கல்லுக்கு என் பங்கு அனுப்பிவைக்கிறேன், கூகுள் பே நம்பரைத் தனிச் செய்தியில் போடுங்கள்.

ஓய்வு_சுபேதார்

வாசகம் நன்றாக இருக்கிறது. நம்பர், ரேங்க், பெயர் என்ற வரிசையை மாற்றவிடாதீர்கள், சிற்பி அழகுக்காகப் பெயரை மேலே தூக்குவார்.

திறக்கிற அன்று கொடியேற்றம், மரியாதை என்று ஏதாவது நினைத்தால், திருவனந்தபுரத்தில் பாங்கோடு ராணுவ நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். ஆள் அனுப்புவார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது, கேட்பதில் தப்பில்லை. ஒரு பியூகிள்காரர் வந்தால்கூடப் போதும். பையன்கள் தேசியக்கொடியைக் கல் மேல் போர்த்தித் திறக்கலாம் என்பார்கள், கூடாது. திறப்பு விழாவில் மூடும் துணியாகத் தேசியக்கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்று கொடி விதியிலேயே இருக்கிறது. சாதாரணத் துணி போதும்.

கடிதம் பெரியம்மை பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். தம்பி மகன் எழுதினால் நீங்கள் யார் என்று கேட்டு ஒரு மாதம் ஓட்டிவிடுவார்கள். பென்ஷன் உத்தரவு நகலையும் சேர்த்து வையுங்கள், ஒன்றுக்கு இரண்டாக.